நுரையீரலுக்கு ரத்தம் தரும் குழாயை ஏன் அடைக்க வேண்டும்?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு 6 வயது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்ற பிறவி இதயக் கோளாறு தெரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள். கணவருக்கு வளைகுடாவில் வேலை, வீட்டுப் பெரியவர்களுக்குப் பயம், நடுவில் கொரோனா என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. கொஞ்ச தூரம் ஓடினால் பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். உதடும் நகமும் நீலம். சும்மா இருக்கும்போதே ஆக்சிஜன் அளவு 78 காட்டுகிறது. இப்போது எடுத்த சிடி ஸ்கேனில், பெருந்தமனியிலிருந்து நேராக நுரையீரலுக்குப் போகும் மூன்று அதிகப்படியான ரத்தக் குழாய்கள் தெரிந்திருக்கின்றன. அதில் இரண்டைத் தொடை வழியாகக் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, ‘காயில்’ என்ற கம்பிச் சுருளை வைத்து அடைப்போம், மறுநாள் இதய ஆபரேஷன், மூன்றாவது குழாயை ஆபரேஷனின்போது பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

“நுரையீரலுக்கு ரத்தம் போதவில்லை என்றுதான் பிள்ளை நீலமாக இருக்கிறாள் என்கிறார்கள். அப்படியிருக்க, ரத்தம் கொண்டுபோகும் குழாயையே அடைக்கலாமா?” என்பது தாயின் முதல் கேள்வி. பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தொடை வழியாகவே அடைத்து இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நம் பிள்ளைக்கும் அதோடு நிறுத்திக்கொண்டு ஆபரேஷனைப் பெரிய லீவுக்குத் தள்ளலாமே என்கிறாராம் மாமியார். உள்ளே வைக்கும் கம்பி வாழ்நாள் முழுக்க இருக்குமா, பின்னால் ஸ்கேன் எடுக்க முடியுமா, காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்றும் கேட்டிருக்கிறார். வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி ஆனது என்று வீட்டில் இன்னமும் சொல்லிக்காட்டுகிறார்கள் என்று கடைசியில் ஒரு வரி.

அம்மா, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதயம் உருவாவது கருவின் முதல் எட்டு வாரத்துக்குள். பல பெண்களுக்குத் தான் கர்ப்பம் என்பது உறுதியாவதே அப்போதுதான். நீங்கள் செய்த எதனாலும், செய்யாமல் விட்ட எதனாலும் உங்கள் மகளுக்கு இந்த நோய் வரவில்லை. வீட்டில் யாராவது மறுபடி சொன்னால் இந்தப் பத்தியைப் படிக்கக் கொடுங்கள்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. கடிதத்தில் இருந்தவற்றில் மிக நல்ல கேள்வியும் அதுதான். படித்த பெற்றோர் பலர் இதைக் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இதுவரை காப்பாற்றிய குழாய் இனிமேல் ஏன் ஆகாது?

உங்கள் மகளின் இதயத்தில் கீழறைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழி குறுகலாக இருக்கிறது. நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாக வேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதி, அந்தக் குறுகலில் போக முடியாமல், ஓட்டை வழியாகப் பெருந்தமனிக்குள் புகுந்து உடம்புக்கே திரும்பிவிடுகிறது. நீலத்துக்குக் காரணம் இதுதான். அவள் குத்துக்காலிட்டு உட்காருவது களைப்பால் மட்டும் இல்லை. அப்படி உட்காரும்போது கால்களின் ரத்தக் குழாய்கள் மடங்கி, உடம்புப் பக்கம் அழுத்தம் கூடி, கொஞ்சம் கூடுதல் ரத்தம் நுரையீரல் பக்கம் போகிறது. பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே இதைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

கருவில் நுரையீரல் உருவாகும் காலத்தில் பெருந்தமனியிலிருந்தும் சில கிளைகள் அதற்குப் போகும். மற்றக் குழந்தைகளுக்கு அவை சுருங்கி மறைந்துவிடும். நுரையீரலுக்குப் போகும் முறையான வழி குறுகலாக இருந்தால், சில மறையாமல் தங்கிப் பெரிதாகின்றன. ஆபரேஷன் இல்லாமல் வருடக்கணக்கில் நீலமாகவே இருக்கும் பிள்ளைகளுக்குப் புதிதாகவும் வளர்கின்றன. ‘கொலாட்டரல்’ என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது இவற்றைத்தான். இத்தனை வருடம் அவள் தாக்குப்பிடித்ததில் இவற்றுக்கும் பங்கு உண்டு என்று நீங்கள் நினைப்பது தவறில்லை.

ஆனால் ஆபரேஷன் முடிந்த நிமிடத்திலிருந்து நிலைமை தலைகீழாகிவிடும். ஓட்டையை மூடி, குறுகலை அகலமாக்கிவிட்டால், உடம்பிலிருந்து வரும் மொத்த ரத்தமும் முறையான வழியிலேயே நுரையீரலுக்குப் போகும். அதோடு கூட, பெருந்தமனியின் உயர்ந்த அழுத்தத்தில் இந்தக் கொலாட்டரல்களும் கொட்டினால், ஒரே வயலுக்கு இரண்டு வாய்க்காலையும் முழுசாகத் திறந்துவிட்டது போல ஆகிவிடும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வென்டிலேட்டரை எடுக்க முடியாமல் நாட்கள் நீளும். சில பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாயில் ரத்தமே வரும்.

ஆபரேஷன் நடக்கும்போதும் தொல்லை உண்டு. இதயத்தை நிறுத்திவிட்டு இயந்திரம்தான் உடம்புக்கு ரத்தம் அனுப்பும். அதில் ஒரு பங்கு கொலாட்டரல் வழியே நுரையீரலுக்கு ஓடி, இதயத்துக்குள் திரும்பி வந்து, சர்ஜன் தையல் போடும் இடத்தை நிறைத்துக்கொண்டே இருக்கும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போக வேண்டியது அந்த அளவுக்குக் குறையும். சர்ஜனே கட்டிவிடலாமே என்றால், இவை பெரும்பாலும் முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியிலிருந்து கிளம்புபவை. நெஞ்சின் முன்பக்கமாகத் திறந்து நுழைகிறவருக்கு அது கை எட்டாத ஆழம். தொடைத் தமனி வழியாக மேலே ஏறும் கத்தீட்டருக்கோ அது நேர் வழி.

அப்படியானால் மூன்றாவது குழாயை மட்டும் ஏன் விட்டுவைக்கிறார்கள்? ஒரு கொலாட்டரலை அடைக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது அதன் அளவு அல்ல. அது போகிற நுரையீரல் பகுதிக்கு வேறு வழியிலும் ரத்தம் வருகிறதா என்பதுதான் கேள்வி. முறையான நுரையீரல் தமனியின் கிளையும் அங்கே வந்தால் அடைக்கலாம். அந்தப் பகுதிக்கு இது ஒன்றுதான் வழி என்றால் அடைக்கவே கூடாது. அடைத்தால் அந்தப் பகுதி கெட்டுப்போகும். அந்த மாதிரிக் குழாயைச் சர்ஜன் பெருந்தமனியிலிருந்து பிரித்து நுரையீரல் தமனியோடு தைத்து இணைப்பார். உங்கள் டாக்டர்கள் இரண்டை அடைக்கவும் ஒன்றைக் காப்பாற்றவும் திட்டமிட்டிருப்பதைப் பார்த்தால், படத்தை நிதானமாகப் படித்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் அவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள்: “அடைக்கப்போகும் இரண்டு இடத்துக்கும் வேறு வழியில் ரத்தம் வருவதைப் படத்தில் காட்ட முடியுமா?” நல்ல டாக்டர் கணினியைத் திருப்பி உங்களுக்குக் காட்டுவார்.

பக்கத்து வீட்டுப் பையனின் கதை வேறு

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தப் பையனுக்கு இருந்தது ‘பிடிஏ’. பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு குழாய், மூடாமல் விட்டுப்போனது. இதயத்தின் மற்றப் பாகங்கள் சரியாக இருக்கும். அந்தக் குழாயை அடைத்தால் நோயே முடிந்தது. கத்தீட்டர் வழியாக அதை முதன்முதலில் மூடியது 1967-ல், ஜெர்மனியில், போர்ஸ்ட்மன் என்ற டாக்டர். இன்று ஒரு கிலோகூட எடை வராத குறைமாதக் குழந்தைக்கும் அதைச் செய்யும் கருவி வந்துவிட்டது. அதனால்தான் ஊரில் இப்போது எல்லாரும் “தொடை வழியாகவே சரி பண்ணிவிடலாம்” என்கிறார்கள். அவனுக்கு அது முழுச் சிகிச்சை.

உங்கள் மகளுக்கு அப்படியில்லை. கொலாட்டரலை அடைப்பது அவளுடைய ஓட்டையைத் தொடுவதில்லை, குறுகலைத் தொடுவதில்லை. அதை மட்டும் செய்து நிறுத்தினால், இருந்த கூடுதல் ரத்தமும் போய், 78 இன்னும் கீழே இறங்கும். இது ஆபரேஷனின் முதல் பாதி. முதல் பாதியை மட்டும் செய்துகொண்டு ஊருக்குத் திரும்புவது, எதையுமே செய்யாமல் இருப்பதைவிட ஆபத்து. உங்கள் மாமியாரிடம் இதை மட்டுமாவது தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கேத் லேபில் (கத்தீட்டர் சிகிச்சை அறையில்) என்ன நடக்கும்?

மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். தொடை இடுக்கில் ஊசித் துளை, அதில் ஒரு மெல்லிய உறை, அதன் வழியே கத்தீட்டர். கொலாட்டரலின் வாய்க்குள் அதன் நுனியை நிறுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்துவார்கள். திரையில் அந்தக் குழாய் கருப்புக் கோடாக வளைந்து நெளிந்து நுரையீரல் வரை ஓடுவது தெரியும். பல இடங்களில் உடனே அடைத்துவிட மாட்டார்கள். ஒரு சிறு பலூனால் சில நிமிடம் மட்டும் மூடி, ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். கடுமையாக இறங்கினால் அந்தக் குழாயை ஆபரேஷன் தியேட்டருக்கு விட்டுவிடுவார்கள். தாங்கினால், காயிலைத் தள்ளுவார்கள்.

காயில் என்பது பெரும்பாலும் பிளாட்டினத்தால் ஆன மெல்லிய கம்பி. அதன் உடம்பெங்கும் பஞ்சு போன்ற நூலிழைகள். கத்தீட்டருக்குள் நேராகப் போகும், வெளியே வந்ததும் தானாகச் சுருண்டுகொள்ளும். குழாயின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிய காயிலைத் தேர்ந்தெடுப்பார்கள். சிறிதாக இருந்தால் ரத்தம் அதை அடித்துக்கொண்டு போய்விடும், அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் சுருளாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். நூலிழைகளில் ரத்தம் உறையும். சில நிமிடம் கழித்து மறுபடி மருந்து செலுத்திப் பார்த்தால், முன்பு சரசரவென ஓடிய கருப்புக் கோடு சுருள் இருக்கும் இடத்தோடு நின்றுபோயிருக்கும். பெரிய குழாயாக இருந்தால் நிக்கல்-டைட்டானியம் வலையால் ஆன ‘பிளக்’ வைப்பதும் உண்டு.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். காயில் நழுவி வேறிடம் போகலாம். பெரும்பாலும் கண்ணி போட்டுப் பிடித்து எடுத்துவிடுவார்கள். சிறு பிள்ளைகளிடம் நான் அதிகம் கவலைப்படுவது தொடைத் தமனியைப் பற்றி. ஊசி போட்ட காலில் ரத்தம் உறைந்து நாடி குறையலாம். வார்டுக்கு வந்ததும் இரண்டு பாதங்களையும் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சில்லென்று வெளிறியிருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், காலைவரை காத்திருக்காதீர்கள். நேரத்தோடு தெரிந்தால் மருந்திலேயே சரியாகும். எக்ஸ்ரே மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை, அதனால் சிறுநீர் நன்றாகப் போகிறதா என்று கவனிப்பார்கள். லேசான காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி வரலாம். தண்டுவடத்துக்குப் போகும் சிறு கிளையைத் தவறுதலாக அடைத்துவிடுவது மிக மிக அரிது. அதைத் தவிர்க்கத்தான் முதலில் அவ்வளவு நேரம் படம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. நீல நிறப் பிள்ளைகளை வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் காயப்போடக் கூடாது. காலை முதல் கேஸாக எடுக்கச் சொல்லுங்கள். தள்ளிப்போனால் சலைன் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பெரிய லீவுக்குத் தள்ளலாமா?

காயில், ஆபரேஷன் இரண்டையும் சேர்த்துச் சில வாரம் தள்ளுவது வேறு, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடுவது வேறு. முதலாவதை உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். இரண்டாவதற்கு இடமே இல்லை. ஆகவே கையெழுத்துப் போடும் முன் இதையும் கேட்டுவிடுங்கள்: “காயில் வைத்த பிறகு காய்ச்சல் வந்தாலோ ஐசியுவில் படுக்கை இல்லாமல் ஆபரேஷன் தள்ளிப்போனாலோ பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?” இதற்கு ஆயத்தமாகப் பதில் வைத்திருக்கும் இடத்தை நம்பலாம்.

என்னைக் கேட்டால், பரீட்சைக்காகத் தள்ளாதீர்கள். ஒன்றாம் வகுப்புப் பரீட்சை போனால் போகிறது. ஆறு வயதில் செய்வது தாமதம்தான் என்றாலும், நல்ல பலன் கிடைக்கும் வயதுதான். ஆனால் தள்ளத் தள்ள வலது கீழறை தடித்துக்கொண்டே போகும், ரத்தம் கெட்டியாகும், கொலாட்டரல்களும் வளரும். நுரையீரலில் வடிகட்டப்படாத ரத்தம் நேராக மூளைக்குப் போவதால் பக்கவாதமும் மூளையில் சீழ்க்கட்டியும் வரும் அபாயம் உண்டு. காய்ச்சலோடு விடாத தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் பலவீனம் என்று எது வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று நீலம் கூடி, மூச்சிரைத்து, பிள்ளை துவண்டால் மடியில் போட்டு இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு மடக்கிப் பிடியுங்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்

ஹீமோகுளோபின் 14 இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது என்று இரும்புச்சத்து டானிக்கை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மற்றப் பிள்ளைக்கு 14 நல்ல அளவு. ஆக்சிஜன் 78-ல் இருக்கும் பிள்ளையின் உடம்பு அதை ஈடுகட்டக் கூடுதல் ரத்தம் உண்டாக்கியிருக்க வேண்டும். அவளுக்கு 14 என்பது குறைவு, அனேகமாக இரும்புச்சத்துப் பற்றாக்குறை. உடம்பில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். டானிக்கை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கைக்குழந்தையில் குடித்த பால் மூக்கு வழியே வந்தது, இப்போதும் மூக்கால் பேசுகிறாள் என்கிறீர்கள். இதயக் கோளாறோடு இதுவும் சேர்ந்திருந்தால் 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். கொலாட்டரல் உள்ள பிள்ளைகளிடம் இது கூடுதலாகவே காணப்படுகிறது. இதைத் தெரிந்துகொள்வதில் நடைமுறை லாபம் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கால்சியம் குறையலாம், நோய் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கலாம். ஆபரேஷனுக்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பதப்படுத்திய ரத்தம் தேவைப்படலாம். உங்கள் டாக்டர் கேட்டிருக்க மாட்டார், நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அடுத்த முறை போகும்போது சொல்லிவிடுங்கள்.

கையெழுத்து, காகிதம், பணம்

கணவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தாயின் கையெழுத்தை மருத்துவமனைகள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் சர்ஜனிடம் பேசும்போது அவரை வீடியோ காலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பவரின் பயம் பெரும்பாலும் அரைகுறைத் தகவலால் வருவது. ஒப்புதல் படிவத்தில் கத்தீட்டர் பரிசோதனை, குழாய் அடைப்பு, இதய ஆபரேஷன் மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கும் தந்ததாக ஆகாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்படக் கூடாது.

இரண்டாவது கருத்து கேட்க விரும்பினால் தாராளமாகக் கேளுங்கள். சிடி ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிள்ளைகளின் இதய ஆபரேஷன்கள் வருகின்றன. ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டு சிகிச்சைகள். காயில்களின் விலை தொகுப்பில் அடங்குமா, தனியாகக் கட்ட வேண்டுமா, இரண்டுக்கும் முன் அனுமதி வாங்கிவிட்டார்களா என்று மருத்துவமனையின் திட்டக் கவுன்டரில் கேளுங்கள். குடும்ப அட்டையில் மகளின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிள்ளையின் பெயர் சேர்க்காததால் கடைசி நேரத்தில் அலைகிற பெற்றோர் நிறையப் பேர். பள்ளி மூலமாக வரும் ஆர்பிஎஸ்கே (தேசியச் சிறார் நலத் திட்டம்) மருத்துவக் குழு, மாவட்ட அரசு மருத்துவமனையிலுள்ள ஆரம்பகால இடையீட்டு மையம் ஆகியவற்றின் வழியாகவும் உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

உள்ளே இருக்கும் கம்பி

எடுக்க மாட்டார்கள், எடுக்கத் தேவையும் இல்லை. சில வாரங்களில் அதைச் சுற்றித் திசு மூடிவிடும். பிள்ளை வளர வளர மாற்ற வேண்டியதுமில்லை, ஏனென்றால் அது இருக்கும் குழாயே மூடிப்போய்விட்டது. இன்றைய பிளாட்டினம் காயில்களும் நிக்கல்-டைட்டானியம் பிளக்குகளும் உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐ எடுக்க முடியும். ஆனால் என்ன கருவி, என்ன அளவு என்று எழுதிய அட்டையை வாங்கி லேமினேட் செய்து வையுங்கள். பிற்காலத்தில் எங்கே ஸ்கேன் எடுத்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் வருடா வருடம் பரிசோதனை உண்டு. பல வருடம் கழித்து நுரையீரல் வால்வு கசியலாம், வால்வு மாற்ற வேண்டிவரலாம். 2000-ஆம் ஆண்டிலிருந்து அதையும் சிலருக்குக் கத்தீட்டர் வழியாகவே செய்ய முடிகிறது.

கிளம்புவதற்கு முன் இன்னொரு வேலை. மகளுக்குப் பல் சொத்தை இருக்கிறதா என்று இந்த வாரமே பல் டாக்டரிடம் காட்டுங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்தால் இதயத்திலும் புதிதாக வைத்த கருவியிலும் ஒட்டிக்கொள்ளும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அவளுக்கு இதயக் கோளாறு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். பல்லில் சீழ் இருந்தால் ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.